நான்காம் எண்ணின் வெள்ளையணுக்கள்

1

இந்தக் கதை ஒரு துணிப்பையிலிருந்து கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஆய்வகத்தின் கழுவும் அறைக்குச் சலவைக்கு வரும் சின்னப் பை. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறைகள். ரப்பர் கையுறைக்கு அடியில் போட்டுக்கொள்கிற வகை. விரல் நுனிகளில் களிம்பின் மஞ்சள் கறை. சில வாரங்களில் ரத்தப் புள்ளிகள்.

இப்படித் தொடங்கினால் நம்புவீர்கள் என்று நினைத்தேன். நான் வாசகியாக இருந்தால் நம்பமாட்டேன். யாருடைய கையுறை, அதை ஏன் இவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், சலவைக்கு வந்ததைச் சலவை செய்து அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். பை இருந்தது, கறையும் இருந்தது, ஆனால் கதை அதிலிருந்து வரவில்லை. கோபத்திலிருந்து வந்தது. யார் மேல் கோபம் என்று இப்போதே சொன்னால் உடனே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். நான்காவது பகுதி வரை பொறுங்கள். அதுவரை நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஊர் ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கிறது. ஆண்டு 2018. ஊர்ப் பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேட வேண்டாம். நான் எத்தனையோ விவரங்களை மாற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஹைட்ரூன் வாகோவியாக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆய்வகத்தில் அவளைவிடத் துல்லியமாகக் கோடு போடத் தெரிந்தவர்கள்..."

இல்லை. என்ன கோடு என்று தெரியாமல் உங்களுக்கு இது விளங்காது.

இரண்டாம் தொடக்கம்: "மனித ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் சில..."

பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அடித்தேன். ஆனால் பாடம் இல்லாமல் இந்தக் கதை நகராது, எனவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. கம்மல், பெல்ட் பக்கிள், கடிகாரத்தின் பின்மூடி பட்ட இடமெல்லாம் அரித்துத் தடித்துப்போகும். முழங்காலுக்குள் பொருத்திய உலோக மூட்டிலிருந்து கசியும் நிக்கல்கூடச் சிலருக்கு வலியைக் கொடுக்கலாமோ என்று மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம். ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களில் சில, ஒருமுறை பகைத்துக்கொண்ட உலோகத்தை மறப்பதேயில்லை. அந்த அணுக்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வகத்தின் வேலை. ஒருவரின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து இரண்டு குழாய்களில் ஊற்றுவார்கள். ஒன்றில் நிக்கல் உப்புக் கரைசல் விடுவார்கள், இன்னொன்றில் எதுவும் விடமாட்டார்கள். ஐந்து மணி நேரம் உடம்புச் சூட்டில் இருக்கும். நிக்கலைப் பார்த்து விழித்துக்கொள்ளும் அணு, தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டும். அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டுகிற ஒளிர்சாயத்தை விட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டால், விழித்தவை மின்னும். தூங்கியவை இருட்டாகக் கடந்து போகும்.

ஆனால் எல்லா அணுவும் லேசாகப் பளபளக்கும். எது மின்னல், எது வெறும் பளபளப்பு என்று பிரிக்கக் கணினித் திரையில் ஒரு கோடு போட வேண்டும். எந்த ஒவ்வாமையும் இல்லாத ஆளின் அணுக்களுக்கு முதலில் நிக்கலைக் கொடுத்துப் பார்த்து, அவற்றின் பளபளப்பு எங்கே முடிகிறதோ அங்கே கோடு. கோட்டைத் தாண்டினால் ஒவ்வாமை, தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த ஆள்தான் இவர்களுக்குப் பூஜ்யம்.

இந்த ஆய்வகத்தில் பூஜ்யமாக இருக்க ஆறு பேர் ரத்தம் கொடுத்தார்கள். எல்லோரும் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். ஐந்து பேர் மாணவர்கள், வருவார்கள், போவார்கள். நான்காம் எண் மட்டும் மூன்று வருடமாக மாறாமல் வந்துகொண்டிருந்தது. எனவே கோடு எப்போதும் நான்கை வைத்துத்தான்.

(நான்கு யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. பெயர்ப் பட்டியல் ஓர் உறையில் வைத்து ஒட்டப்பட்டு, இன்னொரு கட்டடத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் ஒரு குழு கூடி அனுமதி தர வேண்டும். ஆனால் ரத்தம் எடுக்கிற நாளில் முழங்கையின் உள்பக்கம் பஞ்சும் பிளாஸ்திரியுமாக யார் நடக்கிறார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். அங்கே ஒரு மரியாதை உண்டு: அடுத்தவரின் முழங்கையைப் பார்ப்பதில்லை. கோடையில் அரைக்கைச் சட்டையோடு வந்தாலும் எல்லோரும் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். இந்த மரியாதை இல்லையென்றால் இந்தக் கதையும் இல்லை.)

3

அக்டோபரில் புதிய லேசர் யந்திரம் வந்தது. கூடவே பழையதைவிடப் பத்து மடங்கு பிரகாசமான சாயமும். யோரிஸ் என்ற ஆய்வு மாணவன், வசந்தத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவன், ஆறு பூஜ்யங்களின் உறைய வைத்த அணுக்களை எடுத்துப் புது யந்திரத்தில் ஓட்டிப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து கத்தினான்.

"ஹைட்ரூன், இங்க கொஞ்சம் வாயேன். நாலு மின்னுது!"

"எந்த நாலு?"

"நம்ம நாலு. பூஜ்யம். ஃபுட்பால்ல ஷால்க ஜெயிச்ச அன்னிக்குத் தெரு இருக்குமே, அந்த மாதிரி இருக்கு திரை."

"சாயத்த அள்ளி ஊத்தியிருப்ப."

"எல்லாருக்கும் ஒரே கலவைதான். மத்த அஞ்சும் கம்முனு கிடக்கு."

"அப்ப அது பின்னணிப் பளபளப்பு. நாலுக்கு எப்பவும் கொஞ்சம் உண்டு."

"எப்பவுமா?"

ஹைட்ரூன் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து மேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடங்கிக் கிடந்தன. அந்தப் பக்கம் ஒரு மேடு தனியாக எழுந்து நின்றது. அவளுக்கு அடிவயிறு சில்லிட்டது. பழைய யந்திரத்தில் அந்த மேடு இத்தனை உயரமாக இருந்ததில்லை. ஒரு சிறு புடைப்பாக, கவனிக்காமல் விடக்கூடியதாக இருந்தது. அந்தப் புடைப்பு முடிகிற இடத்துக்குச் சற்று வலப்பக்கம் கோடு போடும்படி மூன்று வருடமாக எல்லா மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவள், ஆய்வகத்தின் டெக்னீஷியனான அவள்தான்.

[அடிக்குறிப்பு: அவள் அடிவயிறு சில்லிட்டது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது தெரியும். மற்றதை நான் போட்டேன். சில்லிடவில்லை, எரிச்சல்தான் பட்டாள் என்று வைத்துக்கொண்டால் அவள் வேறொரு மனுஷி ஆகிவிடுகிறாள். அந்த வாக்கியத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.]

பேராசிரியர் அல்முட் க்ரோன்மாயர் அன்று மதியமே கூட்டம் போட்டார். கெட்டிக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர், ஹைட்ரூனின் ஐம்பதாவது பிறந்தநாளில் "இனிமே நீ, நான்னே பேசிக்கலாம்" என்று தானே முன்வந்து மரியாதைப் பன்மையை விட்டவர். நான்கு மின்னினால் நான்கு பூஜ்யம் இல்லை. நான்கு பூஜ்யம் இல்லையென்றால் மூன்று வருடக் கோடுகள் அத்தனையும் தப்பான இடத்தில், வலப்பக்கம் தள்ளி நிற்பவை; நிஜமான ஒவ்வாமைக்காரர்களும் அவற்றைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அச்சில் வந்த கட்டுரையும், நாற்பது நோயாளிகளுக்குப் போன கடிதங்களும் கேள்விக்குரியவை. இதை அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கேட்ட கேள்விமேல்தான் எனக்குச் சந்தேகம்.

"பாட்டில யாரு கழுவினது?"

4

கழுவும் அறையில் இல்டா என்றொரு பெண் வேலை பார்த்தாள். போர்ச்சுகல்காரி. சுறுசுறுப்பானவள். ஆனால்...

இந்த இல்டாவை எழுதி மூன்று பக்கம் ஓட்டினேன். அவளுக்கு ஒரு கணவனையும் ஒரு பூனையையும்கூடக் கொடுத்தேன். இல்டா என்று யாரும் இல்லை. கழுவும் அறையில் பதினாறு வருடமாக இருப்பவள் நான்தான். என் பெயர் தமயந்தி, அங்கே தமி. கதை சொல்கிறவளே சந்தேகப்பட்டியலில் இருந்தால் யார் நம்புவார்கள் என்று பயந்து போர்ச்சுகலிலிருந்து ஒருத்தியை வரவழைத்தேன். பூனைக்காக வருத்தப்படுகிறேன்.

இப்போது கோபம் யார் மேல் என்று தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால் மேலே படியுங்கள், எனக்கே முழுசாகத் தெரியாது.

பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னிடம் அவர் எப்போதும் "நீங்க"தான்.

"உக்காருங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. எல்லா வாய்ப்பையும் பாக்கறோம், அவ்வளவுதான். பாட்டில எதால தேய்க்கறீங்க?"

"நைலான் பிரஷ்."

"எப்பவுமேவா?"

இந்த எப்பவுமே என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யார் கேட்டாலும் ஆபத்து. பிப்ரவரியில், அடியில் தீய்ந்துபோன ஒரு பாட்டிலைக் கம்பி நாரால் தேய்த்தேன். ஒரே ஒரு முறை. உலோகத்தை ஆராய்கிற இடத்தில் கம்பி நார் கூடவே கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பேராசிரியரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் யோரிஸ் அழுக்குப் பாட்டில்களோடு கழுவும் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"தமி, அது உன் தப்பில்ல. ஒரே பாட்டில்லேர்ந்துதான் ஆறு பேருக்கும் ஊத்தினேன். பாட்டில்ல அழுக்கு இருந்தா ஆறும் மின்னணும். நிக்கல் விடாத குழாயும் மின்னணும். நாலு மட்டும், நிக்கல் குழாய்ல மட்டும் மின்னுது. நாலுக்கு நிக்கல் அலர்ஜி, வேற ஒண்ணுமில்ல."

"இத அவங்ககிட்ட சொன்னியா?"

"அவங்களுக்குத் தெரியாதா? அந்த ஒருநாள் அளவ மட்டும் அழுக்குன்னு தூக்கிப் போட்டா மூணு வருஷமும் தப்பிச்சுது. என் ஆய்வேடும்தான்."

"அப்ப நான்?"

அவன் பாட்டில்களை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டான். அடுக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி இன்னொன்றும் சொன்னான். மற்ற ஐந்து பேரை வைத்துக் கோட்டைச் சரியாகப் போட்டுப் பழைய அளவுகளை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தானாம். ஒன்றுமில்லை என்று கடிதம் போன நாற்பது பேரில் ஒன்பது பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள். யார் அந்த ஒன்பது பேர் என்று அவனுக்கும் தெரியாது, நோயாளிகளும் எண்கள்தான்.

"நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாத" என்றான். சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

5

(இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். ஒன்றில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன், இன்னொன்றில் ஹைட்ரூன் ரொம்பக் கெட்டவளாக இருந்தாள். கீழே இருப்பது இரண்டும் குறைவாக உள்ள பிரதி.)

தினமும் காலை ஒன்பதரைக்கு ஹைட்ரூன் இரண்டு கோப்பைக் காபியோடு கழுவும் அறைக்கு வருவாள். நீராவியில் அந்த அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். பதினாறு வருடத்தில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தமி, மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க? காபில நான் ஒண்ணும் கலக்கல."

"கலந்திருந்தாலும் நான்தான் கலந்தேன்னு எழுதுவாங்க."

அவள் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"கையக் காட்டு" என்றேன்.

"எதுக்கு, ஜோசியம் பாக்கப் போறியா? இன்னொரு புருஷன் வருவானான்னு பாத்துச் சொல்லு."

"ரெண்டு வருஷமா உன் கையுறையத் துவைக்கறேன் ஹைட்ரூன்."

கோப்பையைக் கீழே வைத்தாள். மேல் கையுறையைக் கழற்றினாள், பிறகு பருத்தியை. பருத்தி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக உரித்தெடுத்தாள். விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. விரல் இடுக்குகள் சிவந்து, நீர் கோத்துக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்திருந்த அதே இடத்தில் அழுகையும் வந்தது.

"எப்பலேர்ந்து?"

"திரும்ப வந்து ரெண்டு வருஷம். முதல்ல வந்தது பதினெட்டு வயசுல. அப்ப நான் முடி வெட்டறவ, தெரியும்ல?"

"தெரியாது."

"சொல்ல மாட்டேன்ல. நாள் பூரா நிக்கல் பூசின கத்தரிக்கோல், கிளிப்பு, சாயம், ஈரம். இருபத்தாறு வயசுல கையப் பாத்துட்டுக் கஸ்டமர் எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சாங்க. தொழில் காப்பீட்டுக்காரன் வந்தான். நல்ல மனுஷன். இந்தத் தொழில அடியோட விட்டாத்தான் இது தொழில்நோய்னு எழுத முடியும், எழுதினாத்தான் உதவின்னான். விட்டேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் தமி. கல்யாணப் பொண்ணுங்களுக்குக் கொண்டை போட்டா தெருவே நின்னு பாக்கும். விட்டுட்டு, இதப் படிச்சு, இங்க வந்தேன்."

"அப்ப ரத்தம் குடுக்கற ஃபாரத்துல உலோக அலர்ஜி இல்லன்னு ஏன் போட்ட?"

"அப்ப கை சுத்தமா இருந்துது. இருபது வருஷம் ஒரு சொறி கிடையாது. போயிடுச்சுன்னு நெனச்சேன்." கழற்றிய பருத்திக் கையுறையை மடித்து வைத்தாள். "சரி, அதுவும் பொய்தான். உண்டுன்னு போட்டா வேலையிடத்து டாக்டர் கூப்பிடுவாரு. பழைய ஃபைல் வரும். இதையும் விடுன்னு சொல்லுவாங்க. நாப்பத்தொம்பது வயசு எனக்கு. மூணாவதா ஒரு தொழில எங்க போய்க் கத்துக்கறது?"

"ரத்தமே தர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன்னு கேப்பாங்களே."

எல்லோரும் கையை நீட்டுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் நீட்டாவிட்டால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டியதை மட்டும் யாரும் கேட்கவில்லை. உலகத்து மூட்டுகளையெல்லாம் சந்தேகப்படுகிற ஆய்வகம், படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் போட்ட பேனாக்குறியை அப்படியே நம்பியது. பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்தவளின் முதுகில் ஒரு நிக்கல் ஒட்டு ஒட்டி, தோல் சிவக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் போதும். எழுத்தில் இல்லை என்றிருக்கிறது, அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் புடைப்பு" என்றேன். "திரையில. அது உன் கைதான்னு தெரியுமா உனக்கு?"

"முதல் வருஷம் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்."

யார் போட்ட கணக்கு என்று சொல்லாமல் அந்த ஒன்பது பேரைச் சொன்னேன், பிறகு டிராம் நிறுத்தத்து ரொட்டிக்கடை டெர்ஹோர்ஸ்ட்டைப் பற்றியும். நாள் முழுக்க நின்று விற்கிற அந்த அம்மாளுக்கு இரண்டு வருடம் முன் முழங்காலில் உலோக மூட்டு வைத்தார்கள். அன்றிலிருந்து வீக்கம், வலி. எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். உங்களுக்கு உலோகத்தால் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர் மூட்டை மாற்றத் தேவையில்லை, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள், வலி குறையும் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒம்பது பேர்ல அவங்க இருக்கணும்னு இல்லையே" என்றாள் ஹைட்ரூன்.

"இல்லாமயும் இருக்கணும்னு இல்ல."

"எனக்கு எண்ணு மட்டும்தான் தமி தெரியும். மூஞ்சி தெரியாது."

"எனக்குத் தெரியும். தினம் அவங்ககிட்டதான் ரொட்டி வாங்கறேன்."

அவள் பருத்திக் கையுறைகளைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, வலிக்காமல் நுழைத்து. "திங்கக்கிழமை கூட்டத்துல நானே சொல்லிடறேன். நீ முந்திக்காத. என் வாயாலதான் வரணும்."

"சொல்லுவியா?"

"என்ன கேள்வி இது? பதினாறு வருஷமாச்சு."

நம்பினேன். எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: ஆமாம் என்று அவள் சொல்லவேயில்லை.

6

திங்கட்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. ஹைட்ரூன் எழுந்து நின்று, இரண்டு கையுறைகளையும் கழற்றி மேசை மேல் வைக்கிறாள். யாரும் பேசவில்லை. பேராசிரியர்... இது அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. நான் இதை எழுதியதே எனக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக.

இரண்டாம் முடிவு. நான் கூட்டத்துக்குள் நுழைந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன். ஹைட்ரூன் என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை வர்ணிக்கத் தொடங்கி எட்டு வரி எழுதினேன். கழுவும் அறைக்காரிகளைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பது ஒன்பதாவது வரியில் ஞாபகம் வந்தது.

மூன்றாம் முடிவு. யோரிஸ் தன் கணக்கைப் பெரிய திரையில் போடுகிறான். வேண்டாம். அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நடந்தது இது. கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. அறிக்கை ஒரு பக்கம்: கழுவும் அறையில் விதிக்குப் புறம்பாகக் கம்பி நார் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, எனவே அந்த நாள் அளவு செல்லாது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. நான்காம் எண் மூன்று வருடம் கொடுத்தது போதும் என்று நன்றியோடு விடுவிக்கப்பட்டது. புதிய பூஜ்யத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முதுகில் ஒட்டுப் போட்டும் பார்ப்பார்களாம். அதாவது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இனிமேல் போடுகிற கோடெல்லாம் சரியாக இருக்கும். பழைய நாற்பது கடிதங்கள் பழைய இடத்திலேயே இருக்கும்.

பேராசிரியர் எச்சரிக்கைக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "இது சம்பிரதாயம்தான். ரெண்டு வருஷத்துல ஃபைல்லேர்ந்து எடுத்துடுவோம்."

கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கைகளைப் பார்த்திருந்தேன், அதனால் என்று எழுதினேன். அது பாதி. கழுவும் வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மூன்று வருடமாகவே பேச்சு இருக்கிறது, மறுத்தால் அதற்கு ஒரு சாக்குக் கிடைக்கும், அது மீதிப் பாதி. எந்தப் பாதி பெரியது என்று எந்த லேசரில் ஓட்டிப் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அவள் வரவில்லை. புதன்கிழமை நடைவழியில் எதிரே வந்தாள். என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். பதினாறு வருடம் நீ, வாடி, போடி என்றிருந்தவள். அங்கே ஒருமுறை நீ என்று சொல்லிவிட்டால் நீங்க என்று திரும்புவது கிடையாது, சண்டை போட்டவர்கள்கூடச் செய்வதில்லை. அது கன்னத்தில் அறைவது மாதிரி. ஆனால் அறைந்தவளின் கண்தான் கலங்கியிருந்தது.

அவளை நான் வெறுக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். இந்தக் கதையில் நான் இப்படிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

7

வியாழக்கிழமை காலை ரொட்டிக்கடை. திருமதி டெர்ஹோர்ஸ்ட் வலது காலில் முழு எடையையும் போட்டு, இடது காலைத் தரையில் லேசாகத் தொட்டபடி நின்றிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி கிடந்தது. கடைக்காரர் இருக்கும்போது அதில் உட்கார முடியாது. கடைக்காரர் இருந்தார்.

"எள்ளு ரொட்டி நாலு?"

"நாலு."

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். பையின் வாயை மடித்தவர் அதை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அந்த ஆராய்ச்சிக் கட்டடத்துலதானே வேல பாக்கறீங்க?"

"ஆமா."

"அங்க எல்லாம் சரியாத்தான் பாப்பாங்களா? இல்ல, எனக்குப் பைத்தியமான்னு இருக்கு. ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்க, சரி, படிச்சவங்க எழுதினது. ஆனா கால் வேற ஏதோ சொல்லுதே. வீட்டுக்காரர் சொல்றாரு, இன்னொரு டாக்டரப் பாக்காத, எல்லாம் உன் மனசுலதான்னு. நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க. அவங்க எழுதினத நம்பலாமா?"

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

வாயைத் திறந்தது வரை நடந்தது. அதற்கப்புறம் நான் சொன்னதாக ஆறு வாக்கியங்கள் எழுதி ஆறையும் அடித்துவிட்டேன். ஒன்றில் நம்பலாம் என்றேன். ஒன்றில் வேறு இடத்தில் இன்னொரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார், அடுத்த வாக்கியத்தில் ஹைட்ரூனின் பெயர் வந்துவிட்டது. ஒன்றில் எனக்கென்ன தெரியும், நான் பாட்டில் கழுவுகிறவள் என்றேன். இந்த ஆறில் ஒன்றைத்தான் அன்று உண்மையில் சொன்னேன். எது என்று உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆகவே அந்த இடத்தை விட்டுவிடுகிறேன்.

நான் சொன்னது: "____________________"

நீங்கள் நிரப்புங்கள். ஹைட்ரூனுக்கு ஓய்வு பெற இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. டெர்ஹோர்ஸ்ட் அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதியதும் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். அதைக் கேட்டபிறகு அவர் ரொட்டிப் பையை உங்களிடம் கொடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணி வரை அந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.